எழுந்திருக்காத பிரெஞ்சுக்காரன்

அன்றைக்கு ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் இருந்தவர்கள் இவர்கள்.

டாக்டர். சின்ன வயசு, தெற்கத்திக்காரர். வேலைக்கு வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது.

நர்ஸம்மா.

என் சம்சாரம் பச்சையம்மா. களை வெட்டிக்கொண்டிருந்தவளை யாரோ போய்க் கூட்டி வந்திருந்தார்கள். களைக்கொட்டு கையிலேயே இருந்தது.

அவள் தம்பி கண்ணப்பன், என் மச்சான். நீலக் கோட்டு, அட்டைத் தொப்பி, பஞ்சில் ஒட்டிய மீசை. பிரெஞ்சுப் பட்டாளத்துக்குத் தளபதி.

அப்பாண்டை நயினார். அவலூர்பேட்டையில் மல்லாட்டை மண்டி (வேர்க்கடலை வியாபாரம்) வைத்திருப்பவர். சிவப்புக் கோட்டு, இடுப்பில் மரக்கத்தி. இங்கிலீஷ் பட்டாளத்துக்குக் கேப்டன்.

ஹைஸ்கூல் சரித்திர வாத்தியார். கழுத்தில் விசில்.

வாசலுக்கு வெளியே இரண்டு பட்டாளமும் இருந்தது. நீலமும் சிவப்பும் வேப்பமரத்தடியில் கலந்து உட்கார்ந்து ஒரே பீடியை மாற்றி மாற்றி இழுத்துக்கொண்டிருந்தது.

பெஞ்சில் நான். ஏழுமலை, வல்லம். செத்துப்போன பிரெஞ்சுச் சிப்பாய்.

என் படிப்பு நாலாவது வரைக்கும். அதிகம் பேசிப் பழக்கமில்லை. என் மாதிரி கால் விழுந்து கிடக்கிறவர்கள் படித்தால் கொஞ்சம் தைரியம் வரும் என்று டாக்டரம்மா ஒருவர் பிற்பாடு எழுதச் சொன்னார். அதனால் எழுதுகிறேன். சுருக்கமாகத்தான் வரும்.

என் வேலை ஏற்றம் மிதிப்பது. கிணற்றுக்கு மேலே நீளமான மரம் ஒன்று தராசுக்கோல் போல ஆடும். அதன்மேல் ஏறி முன்னும் பின்னும் நடந்தால் சால் கீழே போய்த் தண்ணீரோடு மேலே வரும். பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் மூங்கில் கட்டியிருக்கும். நான் பிடிப்பதில்லை. காணி நிலம் கிடையாது எனக்கு. இரண்டு கால்தான் சொத்து.

பாகிஸ்தான் சண்டைக்கு முந்தின வருஷம். ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்கு வயிற்றால் போனது. கஞ்சி குடித்தேன், நின்றுவிட்டது. அதோடு மறந்துவிட்டேன். நீங்கள் மறக்காதீர்கள். டாக்டர்கள் அதைத்தான் துருவித் துருவிக் கேட்பார்கள்.

அப்புறம் பாதத்தில் எறும்பு ஊர்ந்தது. குனிந்து பார்த்தால் எறும்பு இல்லை. செருப்பைக் கழற்றினால் கழற்றியது தெரியவில்லை. ஏற்றத்தில் மூங்கிலைப் பிடிக்க ஆரம்பித்தேன். பச்சையம்மா கீழே இருந்து அதைப் பார்த்துவிட்டாள். வயசாகுது இல்லையா என்றேன். எனக்கு அப்போது முப்பத்தைந்து கூட ஆகியிருக்காது. உடம்பு சொல்வதைக் கேட்காமல் இருக்க மனுஷன் எதையும் சொல்லிக்கொள்வான்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் பக்கத்து மலைக்கோட்டைக்கு அடியில் விவசாயப் பொருட்காட்சி போட்டார்கள். உர மூட்டை, பம்பு செட்டு, பூச்சிமருந்து எல்லாம் வைத்தார்கள். வெறும் உர மூட்டையைப் பார்க்க யார் வருவார்கள் என்று பேச்சு வந்தது. வாத்தியாரைக் கூப்பிட்டுக் கோட்டையில் நடந்த சண்டை ஒன்றை நடத்திக் காட்டச் சொன்னார்கள். வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கம். கோட்டையை ஆண்ட ராஜா கதையை இந்த ஜனம் கூத்தில் பார்த்துச் சலித்துவிட்டது, பிரெஞ்சுக்காரனும் இங்கிலீஷ்காரனும் மோதினதைக் காட்டுவோம் என்றார்.

இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தக் கோட்டை பிரெஞ்சுக்காரன் கையில் இருந்ததாம். புதுச்சேரியைப் பிடித்த கையோடு இங்கிலீஷ்காரன் வந்து இதையும் பிடித்தானாம். இரண்டு பேருக்கும் ஊர் கடலுக்கு அந்தப் பக்கம். சண்டை மட்டும் எங்கள் மலையில். எனக்கு இது விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

வல்லத்து ஆட்கள் பிரெஞ்சு, அவலூர்பேட்டை ஆட்கள் இங்கிலீஷ் என்று பிரித்தார் வாத்தியார். யார் ஜெயிக்கிறது என்று கண்ணப்பன் கேட்டான். இங்கிலீஷ் என்றார். அப்படியானால் வல்லம் வராது என்றான் கண்ணப்பன். ஊருக்கு மானம் இருக்கிறது என்றான். சரித்திரத்தை மாற்ற முடியாது என்றார் வாத்தியார். அரை நாள் பேசி, தோற்கிறவர்களுக்கு முதல் பந்தி என்று முடிவானது. மானம் அதோடு அடங்கியது.

சாகிறதற்கு ஆள் கேட்டார். எல்லாரும் என்னைக் கை காட்டினார்கள். பேசாத ஆள், கிடக்கத் தோதாக இருப்பான் என்றார்கள்.

இங்கிலீஷ் கேப்டனுக்கு உயரமாக, சிவப்பாக ஒருவர் வேண்டியிருந்தது. அப்படித்தான் அப்பாண்டை நயினார் வந்தார். தொண்டூர்ச் சமணக் குடும்பம். பொழுது சாய்ந்தால் சாப்பிடமாட்டார். எறும்பு வரிசை குறுக்கே போனால் நின்று வழிவிடுவார். அவர் ஒரே நிபந்தனை போட்டார். கத்தி கட்டிக்கொள்கிறேன், கொடி ஏற்றுகிறேன், ஆளை மட்டும் கொல்லமாட்டேன் என்றார். விளையாட்டுக்குத்தானே என்றார் வாத்தியார். மனசுக்கு அது தெரியாது என்றார் நயினார்.

அதனால் மற்ற மரத்துப்பாக்கிகளின் முனையில் ஓலைவெடி கட்டினார்கள். நயினார் துப்பாக்கி வெறும் கட்டை.

நீலக் கோட்டுக்கும் கால்சட்டைக்கும் காடாத்துணி வாங்கி, வண்ணார் வீட்டு நீலத்தில் முக்கி எடுத்தார்கள். ஈரம் சரியாகக் காயவில்லை. வெயில் ஏறியதும் வேர்வையில் நீலம் இறங்கியது.

வாத்தியார் விசில் ஊதினார். இங்கிலீஷ் பட்டாளம் மதிலோரமாக வந்தது. நான் மூன்றாவது வெடிக்குச் சாக வேண்டும். முதல் வெடிக்கு எல்லாரோடும் ஓடினேன். முழங்கால் இரண்டும் ஈரத்துணி போல மடிந்தது. மண்ணில் முகம் பட விழுந்தேன். அதற்குப் பிறகுதான் தலைக்கு மேலே ஒரு வெடி வெடித்தது. கண்ணை உருட்டிப் பார்த்தேன். நயினார் நிற்கிறார். அவர் கையில் துப்பாக்கி புகைகிறது. யாரோ துப்பாக்கியை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள். ஊதுவத்தியோடு ஓடி ஓடித் திரிக்குத் தீ வைத்தவன் அவருடையதற்கும் வைத்துவிட்டான்.

நான் விழுந்தது முன்னால், வெடித்தது பின்னால். எனக்குத் தெரியும். புகையில் வேறு யாருக்கும் தெரியவில்லை.

இங்கிலீஷ் கொடி ஏறியது. பொருட்காட்சியைப் பார்க்க வந்திருந்த அதிகாரி கைதட்டிவிட்டு ஜீப்பில் போனார். சண்டை முடிந்தது, எல்லாரும் எழுந்து வாங்க, சாப்பாடு தயார் என்று வாத்தியார் கத்தினார். செத்தவர்கள் ஒருவரும் எழவில்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் திரௌபதியம்மன் திருவிழாவில் படுகளம் உண்டு. பாரதச் சண்டையில் செத்தவர்களாக நேர்ந்துகொண்டு சிலர் களத்தில் விழுந்து கிடப்பார்கள். பூசாரி வந்து மஞ்சள் தண்ணீர் தெளித்து, வேப்பிலையால் தட்டி எழுப்பினால்தான் எழுவார்கள். அதற்கு முன்னால் ஈ மொய்த்தாலும் அசையக்கூடாது. களத்தில் விழுந்தவன் தானாக எழுந்தால் வீட்டுக்கு ஆகாது. வல்லத்து ஆட்களுக்குக் களம் என்றால் அதுதான் தெரியும். பிரெஞ்சுக்காரனாகச் செத்தாலும் களம் களம்தானே.

வாத்தியார் முதலில் சாப்பாட்டில் ஏதோ குறை என்று நினைத்தார். கண்ணப்பன் விளக்கிச் சொன்னான். சரித்திரத்தில் மஞ்சள் தண்ணீர் கிடையாது என்றார் வாத்தியார். அப்படியானால் இவர்கள் இங்கேயே கிடப்பார்கள் என்றான் கண்ணப்பன். கடைசியில் பூச்சிமருந்துக் கொட்டகையில் இருந்த தெளிப்பானை எடுத்து வந்தார்கள். புதுசு, மருந்து படாதது. அதில் தண்ணீரை ஊற்றி வாத்தியாரே முதுகில் மாட்டிக்கொண்டு, வரிசையாக அடித்துக்கொண்டு போனார். மஞ்சள் இல்லை, வேப்பிலை இல்லை. ஆனாலும் சோற்று வாசனை வந்தது. ஒவ்வொருவராக எழுந்தார்கள்.

நான் எழவில்லை. இரண்டு தடவை அடித்தார். சுத்தக்காரன், மஞ்சள் இல்லாமல் எழமாட்டான் என்று ஊரார் மெச்சினார்கள். முதல் பந்தி முடிந்து வந்து பார்த்தபோதும் அப்படியே கிடந்தேன். மச்சான், போதும், எழுந்திரு என்றான் கண்ணப்பன். காலு வரலடா என்றேன்.

இப்படித்தான் எல்லாரும் தாழ்வாரத்துக்கு வந்து சேர்ந்தோம்.

டாக்டர் கால்சட்டையைக் கிழித்துப் பார்த்தார். இடுப்பு வரை நீலம். அவர் முகம் மாறிவிட்டது. ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கிறது, காலை எடுக்க வேண்டி வரலாம் என்று நர்ஸம்மாவிடம் மெதுவாகச் சொன்னார். எனக்குக் காது நன்றாகக் கேட்கும். பச்சையம்மா களைக்கொட்டைக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டாள். ஊசி குத்த நர்ஸம்மா பஞ்சை நனைத்துத் தொடையில் துடைத்தாள். பஞ்சு நீலமானது. தொடை பழையபடி கறுப்பானது. இன்னும் கொஞ்சம் துடைத்தாள். டாக்டர் பஞ்சைப் பார்த்தார். கண்ணப்பனின் கோட்டைப் பார்த்தார். அதற்குப் பிறகு சின்னச் சுத்தியலால் என் முழங்காலில் தட்டினார்.

நல்ல காலாக இருந்தால் தட்டினால் உதைக்கும். என் கால் உதைக்கவில்லை. அப்போதும் அவர் முகம் மாறியது. இந்தத் தடவை காரணம் இருந்தது.

மறுநாள் கையில் பிடித்த டம்ளர் நழுவியது. இங்கே வைத்துக்கொள்ள முடியாது, புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். நயினார் தன் மல்லாட்டை லாரியைக் கொண்டுவந்தார். மூட்டைமேல் கோணி விரித்து என்னைப் படுக்க வைத்தார்கள். பிரெஞ்சுக்காரனை அவன் ஊருக்கே ஏற்றியாச்சு என்றான் கண்ணப்பன். சொல்லிவிட்டு அவனே அழுதான்.

புதுச்சேரியில் முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள் (மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றி ஓடும் நீர்). இறால் போல வளைந்து படுக்கச் சொல்வார்கள். வலி பொறுக்கக்கூடியதுதான். பயந்து உதறாதீர்கள். அந்த நீரில் புரதம் (முட்டை வெள்ளைக்கருவில் இருக்கும் சத்து) கூடியிருந்ததை வைத்து நோயைக் கண்டுபிடித்தார்கள். பல நரம்பு அழற்சி (ஒரே சமயத்தில் நிறைய நரம்புகள் வீங்கிப்போவது) என்று பெயர் சொன்னார்கள். வயிற்றுப்போக்கு, காய்ச்சல் மாதிரி ஏதாவது வந்துபோன பிறகு சிலருக்கு இப்படி வருமாம்.

அங்கே இருந்த டாக்டரம்மா பொறுமைசாலி. கரண்டு கம்பிமேல் ரப்பர் இருக்கிறதல்லவா, அந்த மாதிரி நரம்புமேல் இருக்கும் உறை உரிந்துபோய்விட்டது என்றார். கம்பி அறுபடவில்லை. ரப்பர் திரும்ப வளரும். மாசக்கணக்கில் ஆகும்.

"ஏத்தம் மிதிக்கலாமா?" என்று கேட்டேன்.

அது என்ன என்றார். பச்சையம்மா எழுந்து நின்று, கட்டில் சட்டத்தின்மேல் நடந்து காட்டாத குறையாக விளக்கினாள்.

"அதை நல்லா இருக்கிறவங்களே செய்யக்கூடாது" என்றார் டாக்டரம்மா.

அவர் பயந்தது காலுக்காக இல்லை. இந்த நோய் கீழே இருந்து மேலே ஏறும். நெஞ்சுக்கு ஏறினால் மூச்சு நிற்கும். அதனால் தினம் காலையில் நர்ஸ் ஒரு தீக்குச்சியைக் கொளுத்தி என் முகத்துக்கு நேரே பிடிப்பாள். நான் ஊதி அணைக்க வேண்டும். அணைந்தால் நெஞ்சில் பலம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஒரு நாள் ஊதினேன். தீ தலை குனிந்தது. அணையவில்லை. இன்னொரு முறை ஊதினேன். குனிந்து நிமிர்ந்தது. நர்ஸ் கையை உதறி அணைத்துவிட்டுப் போனாள். அன்றைக்கு யாரும் என்னிடம் சிரித்துப் பேசவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். செத்தவனாக நடிப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். நடிக்கும்போது பசித்தது.

மறுநாள் தீக்குச்சி வந்தது. ஊதினேன். அணைந்தது. நர்ஸ் சந்தோஷமாக டாக்டரம்மாவைக் கூப்பிட்டாள். அவர் வந்து இன்னொன்று கொளுத்தினார். அதுவும் அணைந்தது. அப்புறம் அவர் திரும்பிப் பார்த்தார். என் தலைமாட்டில் நின்று பச்சையம்மாவும் கூட ஊதிக்கொண்டிருந்தாள். அவளை வெளியே அனுப்பினார்கள். வெளியே போகும்போது, "மூச்சு யாருதா இருந்தா இன்னா" என்றாள்.

மூச்சு இயந்திரத்தைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மாட்ட வேண்டி வரவில்லை. நோய் நெஞ்சைத் தொட்டதோடு நின்றுவிட்டது. சில நாளில் தீக்குச்சியை நானே அணைத்தேன்.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒன்று. அசையாத ஆளை அடிக்கடி புரட்டிப் படுக்கவையுங்கள், இல்லாவிட்டால் முதுகு புண்ணாகும். கை கால் மூட்டுகளை நீங்களே மடக்கி நீட்டிவிடுங்கள். கிடக்கிறவர்களுக்கும் ஒன்று. மூக்கு அரித்தால் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் நான் பட்ட பாடு வேண்டாம்.

கை முதலில் வந்தது. டம்ளர் பிடித்தேன். உட்கார்ந்தேன். கால் மட்டும் வரவில்லை. இதற்கு மேலே பயிற்சிதான், வீட்டுக்குப் போங்கள் என்றார்கள். வல்லத்துக்கு வந்தேன். கண்ணப்பன் என் ஏற்றத்தை மிதித்துக்கொண்டிருந்தான். மூங்கிலைப் பிடித்துக்கொண்டு. வீட்டு வாசலில் கட்டிலில் இருந்து எனக்கு அது தெரியும். காலைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு விறகுக் கட்டையை யாரோ என்னோடு சேர்த்துக் கட்டிவைத்த மாதிரி இருந்தது. இனிமேல் நிற்பேனா என்று யாரும் கேட்கவில்லை. எல்லாரும் அதைத்தான் நினைத்தார்கள்.

பார்க்க வந்தவர்களில் வாத்தியார் ஒருவர். எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டும் என்று ஒரு விஷயம் யோசித்துக்கொண்டு வந்திருந்தார். இந்தக் கோட்டையில் குண்டு பட்டுச் செத்த பிரெஞ்சுக்காரர்களைவிடக் காய்ச்சலிலும் சீக்கிலும் செத்தவர்கள்தான் அதிகமாம். இங்கத்துத் தண்ணியும் காற்றும் அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். கடைசியில் அப்படியொன்றும் பெரிய சண்டை கூட நடக்கவில்லையாம். சோர்ந்துபோய் இறங்கி வந்து கோட்டையைக் கொடுத்துவிட்டார்களாம். பொருட்காட்சிக்காகத்தான் வெடி எல்லாம் சேர்த்தாராம். பச்சையம்மா அவருக்குக் காப்பி கொடுக்கவில்லை.

நயினார் வாராவாரம் வந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் காலையே பார்ப்பார். வெடி அவர் கையில்தானே வெடித்தது. கொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கொன்றுவிட்டேன் என்று அவர் மனசில் விழுந்துவிட்டது. நான் நிற்கிற வரைக்கும் வெல்லம் தொடுவதில்லை என்று விரதம் எடுத்துக்கொண்டார். அடுத்த வாரம் நெய்யையும் விட்டார். அவர் வீட்டம்மா ஒருநாள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்.

"சீக்கிரம் நில்லுங்கப்பா. இவுரு அடுத்து உப்பை வுட்டுடுவாரு போல இருக்குது" என்றார்.

பச்சையம்மாவுக்கு வேறு கணக்கு. களத்தில் விழுந்தவனை முறையாக எழுப்பவில்லை. பூச்சிமருந்துத் தெளிப்பானில் பச்சைத் தண்ணி அடித்தால் யாராவது எழுவார்களா என்பாள். மற்றவர்கள் எழுந்தார்களே என்றேன். அவங்க சோத்துக்கு எழுந்தாங்க என்றாள். விழுந்த இடத்திலேயே எழுப்ப வேண்டும் என்று பூசாரியிடம் பேசி நாள் குறித்துவிட்டாள். சின்ன டாக்டரைக் கேட்டேன். தண்ணி தெளிக்கட்டும், அடிக்க வேண்டாம், வெயிலில் அதிக நேரம் போடவேண்டாம் என்றார். நீலக் கால்சட்டை போடாதீர்கள் என்றும் சொன்னார்.

மாட்டுவண்டியில் கோட்டை அடிவாரத்துக்குப் போனோம். விழுந்த இடத்தில் பாய் போட்டு என்னைக் கிடத்தினார்கள். விஷயம் பரவி இரண்டு பட்டாளமும் வந்திருந்தது. வாத்தியாரும் வந்தார். பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். வேப்பிலையால் தலையில் இருந்து பாதம் வரைக்கும் மெதுவாகத் தடவி, எழுந்திரு என்றார்.

எல்லாரும் பார்த்தார்கள். நானும் பார்த்தேன்.

கால் கிடந்தது.

இன்னொரு தடவை செய்தார். பம்பை மேளம் அடித்தவன் கை ஓயும் வரைக்கும் அடித்தான். பச்சையம்மா என்னைப் பார்க்காமல் மலையைப் பார்த்தாள். பூசாரி கொஞ்சம் யோசித்து, கொன்றவன் மனசு வைத்தால் பலன் உண்டு என்றார். தப்பித்துக்கொள்ளச் சொன்னாரா, நிஜமாகச் சொன்னாரா தெரியாது.

நயினார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். இளைத்துப்போயிருந்தார். அவர்கள் சமயத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் ஒருவருக்கொருவர் மன்னிப்புக் கேட்டுக்கொள்வார்களாம். அந்த மாதிரி கையைக் கூப்பி என் பக்கத்தில் மண்டிபோட்டார்.

"ஏழுமலை, தெரிஞ்சு செஞ்சதோ தெரியாம செஞ்சதோ, உன்னை நான்தான் சாய்ச்சேன். மன்னிச்சிடுப்பா."

அத்தனை பேருக்கு முன்னால் அவ்வளவு பெரிய மனுஷன். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது.

"நீங்க சுடறதுக்கு முன்னாடியே நான் வுழுந்துட்டேன் நயினார்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சொல்ற?"

"முட்டி மடங்கிச்சு. வுழுந்தேன். அப்பறந்தான் வெடிச்சுது."

"இத்தனை மாசம் ஏன்யா சொல்லல?"

"யாரும் கேக்கல."

நயினார் அப்படியே பின்னால் உட்கார்ந்துவிட்டார். அவலூர்பேட்டைப் பக்கம் ஒருவன், சுடறதுக்கு முன்னாடியே வுழறவன் இன்னா சோல்ஜருடா என்றான். வல்லம் பக்கம் அவனை அடிக்கப் போனார்கள். சிரிப்பு எங்கிருந்தோ கிளம்பிப் பூசாரி வரைக்கும் போயிற்று. வாத்தியாருக்கு மட்டும் முகம் ஒளிவிட்டது. கூட்டத்துக்குள் புகுந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"அன்னைக்கு இங்க சரித்திரப்படி செத்தது நீ ஒருத்தன்தான்ப்பா" என்றார்.

பச்சையம்மா சிரிக்கவில்லை. எழாதவனை எழாதவனாகவே வண்டியில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம்.

இனி வெல்லம் சாப்பிடலாமே என்று நயினாரிடம் கண்ணப்பன் கேட்டானாம். நிற்கிற வரைக்கும் என்று சொல்லியாச்சு, காரணம் மாறினால் பேச்சு மாறுமா என்றாராம். ஆனால் அதற்குப் பிறகு வந்தபோது காலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்காரவில்லை. புதுச்சேரியில் என்ன பயிற்சி சொன்னார்கள் என்று விசாரித்தார். வீட்டுப் பின்னால் இரண்டு சவுக்குக் கம்பு நட்டு, குறுக்கே ஒன்று கட்டினார். பொருட்காட்சி முடிந்து மண்டியில் கிடந்த மரத்துப்பாக்கிகளில் இரண்டை ஆசாரியிடம் கொடுத்து, தலைகீழாகத் திருப்பி, அடிக்கட்டைக்குத் துணி சுற்றி, கக்கத்தில் வைத்துக்கொள்ள ஊன்றுகோல் செய்து கொண்டுவந்தார். பிரெஞ்சுக்காரன் இங்கிலீஷ்காரன் துப்பாக்கியை ஊன்றிக்கொண்டு பழகினான்.

இந்தப் பகுதியை விரிவாக எழுத ஒன்றும் இல்லை. தினம் அதே வேலை. கம்பைப் பிடித்துத் தொங்குவது, விழுவது. பலனே தெரியாது. தெரியாத நாளிலும் செய்ய வேண்டும். தொடை முதலில் வந்தது. ஒருநாள் பச்சையம்மா காலைப் பிடித்துவிடும்போது முழங்காலுக்கு மேலே அவள் விரல் சூடு தெரிந்தது. சொன்னேன். அவள் விடாமல் அதே இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். அப்புறம் வலித்தது. வலிக்குது என்று சொன்னபோது இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

மழை ஆரம்பித்த பிறகு ஒருநாள் நயினாரும் கண்ணப்பனும் வீட்டுப் பின்னால் இருந்தார்கள். மறுபடியும் பொருட்காட்சி போடப் போவதாகப் பேச்சு. இந்தத் தடவை பிரெஞ்சு ஜெயிக்க வேண்டும் என்றான் கண்ணப்பன். நயினார் அது சரித்திரம் என்றார். சரித்திரத்தில் வெடியே இல்லைன்னு வாத்தியாரே சொல்லிட்டாரு, அப்போ அதை மட்டும் ஏன் மாத்தினாரு என்றான் கண்ணப்பன். அது வேறே, இது வேறே என்றார் நயினார். இங்கிலீஷ்காரன் பக்கம் பேச உங்களுக்கு இவ்ளோ ஆசையா, நீங்க இன்னா லண்டன்லயா பொறந்தீங்க என்றான் கண்ணப்பன். சத்தம் ஏறியது.

நான் கம்பை விட்டிருந்தேன். ஊன்றுகோல் இரண்டும் சுவரில் சாய்ந்திருந்தது. நின்றுகொண்டிருந்தேன்.

சொல்லவில்லை. சண்டை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது.

பச்சையம்மா தண்ணீர்க் குடத்தோடு வந்தாள். பார்த்துவிட்டு அசையாமல் நின்றாள். அவள் நிற்பதைப் பார்த்து அவர்கள் திரும்பினார்கள். கண்ணப்பன் வாயை மூடவில்லை. நயினார் ரொம்ப நேரம் என் பாதத்தைப் பார்த்தார். அப்புறம் பச்சையம்மா பக்கம் திரும்பி, "வூட்ல வெல்லம் இருக்குதாம்மா?" என்றார்.

யார் என்னை எழுப்பியது என்பதில் இன்னும் ஒத்துவரவில்லை. பச்சையம்மாவுக்கு மஞ்சள் தண்ணீர், கொஞ்சம் தாமதம். நயினாருக்கு விரதம். டாக்டரம்மாவுக்கு நரம்புறை. நான் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை.

ஏற்றத்து மரத்தின்மேல் நான் இப்போது ஏறுவதில்லை. ஏறினால் பாதம் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. கண்ணப்பன் மேலே மிதிக்கிறான், நான் கீழே நின்று தண்ணீரோடு வரும் சாலைப் பிடித்துச் சாய்க்கிறேன். முன்னெல்லாம் நடந்தால் நடந்தேன், அவ்வளவுதான். இப்போது கால் எனக்கு ஒரு ஆள் மாதிரி. ஒரு அடி எடுக்கச் சொன்னால் எடுக்கிறதா என்று பார்க்கிறேன். அவசரம் போய்விட்டது. கிணற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் இவ்வளவு இடம் இருப்பது முன்னால் எனக்குத் தெரியாது.

பொழுது விடிந்தால் உடனே எழுந்துவிடுவதில்லை. போர்வையை விலக்கி, படுத்தபடியே கால்விரலை ஒவ்வொன்றாக அசையச் சொல்கிறேன். அசைகிறதை எண்ணுகிறேன்.

ஒன்பது.